கதவைச் சாத்துங்கள், திறக்கும் நாளைச் சொல்லுங்கள்!

உழவன் தன் வயலை ஒரு போகம் தரிசாகப் போடுகிறான். நாற்றங்காலைச் சுற்றி முள் அடைத்து ஆட்டையும் கோழியையும் விரட்டுகிறான். அதைக் கண்டு, "நல்ல நிலத்தை வீணடிக்கிறானே" என்று எவரும் குறை சொல்வதில்லை. நிலத்திற்கும் ஓய்வு வேண்டும், இளம்பயிருக்கும் காவல் வேண்டும் என்பது வைகைக் கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்த உண்மை. ஆனால் அதே வேலையை அரசு ஒரு கண்மாயிலோ காட்டிலோ செய்ய முற்பட்டு, "சில மாதங்களுக்கு உள்ளே வராதீர்கள்" என்று பலகை வைத்தால் நமக்குச் சினம் பொங்குகிறது. "பொதுச் சொத்தைப் பூட்ட இவர்கள் யார்?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. இதன் இரு பக்கங்களையும் மாணவர்களாகிய நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

நான் குடியிருப்பது கே.கே. நகர். எங்கள் பகுதியை ஒட்டிப் பரந்து கிடப்பது வண்டியூர்க் கண்மாய். வண்டியூர் என்றதும் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைப்போர் உண்டு. நான் சொல்வது அதுவன்று. சாத்தையாற்று நீரை வாங்கி ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ச்சிய பாசனக் கண்மாய் இது. வயல்கள் வீட்டுமனைகளாயின. கழிவுநீர் கலந்தது, ஆகாயத்தாமரை படர்ந்தது, சீமைக்கருவேலம் புகுந்தது. இருந்தும் காலையில் நடப்போருக்குக் காற்றையும், நீர்ப்பறவைகளுக்கு இரையையும், சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்றையும் தருவது இன்றும் அதுதான்.

இத்தகைய கண்மாயைச் சீர்செய்வது என்றால் என்ன? வண்டலை அள்ள வேண்டும். கரையை உயர்த்த வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு பறித்து, அந்த இடத்தில் நாட்டு மரங்களை நட வேண்டும். பறவைகளுக்கென மண்திட்டு அமைத்தால் அதில் புல்லும் புதரும் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். புதுக்கரை இறுகும் முன் ஆயிரம் கால்கள் மிதித்தால் மண் சரியும். நட்ட கன்று தலையெடுக்கும் முன் ஆடு ஒரே கடியில் அதை முடித்துவிடும். கூடு கட்ட வந்த பறவை மனித அரவம் கேட்டு அஞ்சினால் முட்டையை விட்டே போய்விடும். ஆகவே சிறிது காலம் கதவைச் சாத்துவது ஆடம்பரமன்று. அதுவும் வேலையின் ஒரு பகுதியே.

பிறகு ஏன் மக்கள் நம்ப மறுக்கிறார்கள்? நம் மாநகரின் வரலாறே விடை சொல்கிறது. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் இன்று மாநகராட்சி அலுவலகம் நிற்கிறது. உலகநேரிக் கண்மாய்ப் பகுதியில் 2004-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டது. அக்கட்டடங்களின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் நீர் நின்ற இடத்தில் கட்டடம் எழுந்ததைக் கண்ட மக்கள், அடுத்த கண்மாய்க்கு வேலி போடும்போது "இதுவும் போயிற்று" என்று பெருமூச்சு விடுவது இயல்பே அன்றோ?

எனவே பூட்டலாமா, கூடாதா என்று வாதிடுவதில் பயனில்லை. எப்படிப் பூட்டுவது என்பதே கேள்வி. அதற்குப் பாடம் கற்க நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவிக்கப்பட்டது. நத்தைகுத்தி நாரையும் இராக்கொக்கும் அரிவாள்மூக்கனும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி மக்கள் அப்பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. தலைமுறையாகக் காத்துவரும் வழக்கம் இது.  கட்டுப்பாடு நிற்கிறது. ஏனெனில் அதன் காரணம் அங்குள்ள சிறு குழந்தைக்கும் தெரியும்.

அடுத்து நம் கடற்கரையைப் பாருங்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாட்களாயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்நாட்களில் மதுரைச் சந்தையிலும் மீன் விலை ஏறிவிடுகிறது. மீனவர்களுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. தரும் உதவித்தொகை போதவில்லை என்பார்கள். ஆயினும் தடை நடைமுறையில் நிற்கிறது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் ஊரறியத் தெரியும். எல்லா விசைப்படகுக்கும் ஒரே விதி. வருவாய் இழக்கும் குடும்பத்திற்கு அரசு ஏதோ ஓர் உதவி தருகிறது. இம்மூன்றும் சேர்ந்ததால்தான் கடலையே சாத்த முடிகிறது!

மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவும், வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி ஆண்டுதோறும் மூடப்படுகிறது. சுற்றுலாவால் பிழைக்கும் அவ்வூர் அதற்கேற்பத் தன் கணக்கைப் போட்டுக்கொள்கிறது.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. தாய்லாந்தின் மாயா விரிகுடா ஒரு திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்ததில் பவளப்பாறைகள் சிதைந்தன. 2018 ஜூனில் அதை மூடினார்கள். நான்கு மாதம் என்று சொல்லித் தொடங்கியது, 2022 ஜனவரியில்தான் திறந்தது. இடையில் பவளங்கள் நடப்பட்டன. சுறாக்கள் திரும்பி வந்தன. "சொன்ன நாளில் திறக்கவில்லையே" என்று கேட்கலாம். கேட்க வேண்டும்தான். இயற்கை நம் நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை. நாளைத் தள்ளிப்போட நேரலாம். ஆனால் தள்ளிப்போடும்போது அதன் காரணத்தையும் புதிய நாளையும் சொல்வது கடமை. சொல்லாமல் நீட்டினால் சந்தேகம்தான் வளரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கதவு சாத்தப்படும்போது எல்லோரும் ஒரே அளவில் இழப்பதில்லை. காலையில் நடக்கும் பெரியவருக்கு வேறொரு தெரு உண்டு. கண்மாய்க்குள் ஆடு மேய்ப்பவருக்கு, வலை வீசுபவருக்கு, விறகு பொறுக்கும் அம்மாவுக்கு வேறிடம் ஏது? 2022 மார்ச்சில் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, மலைமாடு வளர்ப்போர் கலங்கிப் போனார்கள். பின்னர் அத்தடை புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவில் சுருக்கப்பட்டது. காட்டைக் காப்பது முறையே. ஆனால் அதன் சுமை முழுவதையும் மேய்ச்சல்காரன் தலையில் ஏற்றிவிட்டு நாம் நிழலில் நின்று கைதட்டுவது முறையாகாது.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவே. கண்மாயோ காடோ, மூடுமுன் வாயிலில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்த நாளில் திறக்கும் என்று. கோடையில் வேலையைத் தொடங்கி, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து நீர் நிறையுமுன் முடியுங்கள். கூடுகட்டும் காலத்தில் எந்திரத்தை இறக்காதீர்கள். சாமானியனுக்குப் பூட்டிய வாயில், காரில் வருபவருக்கும் ஒப்பந்தக்காரரின் நண்பருக்கும் திறக்கக் கூடாது. மேய்ச்சலும் மீனும் இழப்போருக்கு அவ்வேலையிலேயே கூலி கொடுங்கள். கன்றைத் தின்ற ஆட்டின் சொந்தக்காரரே கன்றின் காவலராகட்டும்!

நமக்கும் இதில் பங்கு உண்டு. முன்னாளில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. கோடையில் ஊரே மண்வெட்டியுடன் கண்மாய்க்குள் இறங்கும். தானே தூர்வாரியவனுக்குக் கண்மாய் அந்நியமாக இருக்கவில்லை. இன்று நம் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் முகாம் போடுகிறோம். சாலையோரம் சுத்தம் செய்து புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். அம்முகாமை மூடிய கண்மாய்க்குள் நடத்த அனுமதி கேட்போம். கன்று நடுவோம், நீர் ஊற்றுவோம், தாவரவியல் மாணவர்கள் எத்தனை கன்று பிழைத்தது என்று எண்ணட்டும், விலங்கியல் மாணவர்கள் எந்தப் பறவை திரும்பி வந்தது என்று குறிக்கட்டும். அந்தக் கணக்கை வாயில் பலகையிலேயே மாதந்தோறும் எழுதி வைத்தால், வெளியே நிற்பவருக்கும் உள்ளே நடப்பது தெரியும்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. பொறுக்க நம் மக்கள் அஞ்சியதில்லை, ஏமாறத்தான் அஞ்சுகிறார்கள். திறக்கும் நாளைச் சொல்லிச் சாத்தும் கதவுக்கு முன்னால் கே.கே. நகர் பொறுமையாகக் காத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.