பாத்ரூமுக்குள்ள பீஸ் கட்டை

திருவண்ணாமலையில் வாடகைக்கு ரூம் தேடி அலைந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "இது ஹாலு, இது கிச்சன், இது அட்டாச்சுடு பாத்ரூம்" என்று வரிசையாகக் காட்டுவார். பாத்ரூமுக்குள் தலையை நீட்டினால் கதவுக்குப் பின்னாலேயோ, குழாய்க்கு நேர் மேலேயோ ஒரு மரப்பலகை. அதில் நாலு பீங்கான் பீஸ் கட்டை, ஒரு மெயின் சுவிட்ச். பக்கெட் கீழே, பீஸ் மேலே. நாம் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொல்லுவார்: "அது ஒண்ணும் செய்யாது தம்பி, இருபது வருஷமா அங்கதான் இருக்கு."

அந்த வசனத்தோடு சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை. நான் பி.காம் படிக்கிறவன், எலக்ட்ரிகல் ஆள் இல்லை. ஆனால் இதைப் புரிந்துகொள்ள பிளஸ் டூ பிசிக்ஸும் கொஞ்சம் கணக்குப் பதிவியலும் போதும்.

முதலில் அந்தப் பலகை அங்கே எப்படி வந்தது? பாத்ரூமில் பீஸ் போர்டு வைக்கலாம் என்று யாரும் உட்கார்ந்து பிளான் போடவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீடுகள் குறுகலாக, நீளமாக இருக்கும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் முன் சுவரில் இறங்கும். மீட்டர் அங்கே, பீஸ் போர்டு அதை ஒட்டி உள்பக்கம் நடையில். வீடு கட்டியபோது பாத்ரூம் கொல்லையில் தனியாக இருந்தது. பிறகு கிரிவலத்துக்கு வருகிறவர்கள் பெருகினார்கள், காலேஜ் பசங்களும் வந்தார்கள். ஒரு வீட்டை மூன்று போர்ஷனாக மறித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டாச்சுடு பாத்ரூம் வேண்டும். நடையில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, தரையில் டைல்ஸ் ஒட்டி, குழாய் இழுத்தாயிற்று. சுவர் வைப்பது கொத்தனார் வேலை, இரண்டு நாளில் முடியும். போர்டை நகர்த்துவது இன்னொருத்தர் வேலை, இன்னொரு செலவு. அதனால் போர்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. போர்டு பாத்ரூமுக்குள் வரவில்லை சார், பாத்ரூம்தான் போர்டைத் தேடி வந்தது!

இப்போது அந்த "ஒண்ணும் செய்யாது" விஷயத்துக்கு வருவோம். நம்மில் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது, ஷாக் அடித்தால் பீஸ் போய்விடும், ஆள் தப்பித்துவிடுவான் என்பது. இது தப்பு. பீஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் போனால் சூடாகித் தீப்பிடிக்கும், அதற்கு முன்னால் அந்த மெல்லிய கம்பி உருகிவிடும். அதன் வேலை அவ்வளவுதான். ஆள் அதன் கணக்கிலேயே கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடம்பு, வெறுங்கால், ஈரத் தரை. உடம்பின் தடையை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 மில்லி ஆம்பியர் உடம்பு வழியாகப் போகும். சின்ன பீஸ் என்றால் 5 ஆம்பியர், அதாவது 5000 மில்லி ஆம்பியர். அந்த பீஸ் போக வேண்டுமென்றால் நம்மைப் போல இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதும் உடனே உருகும் என்று சொல்ல முடியாது. இதில் நம்ம ஊர் வழக்கம் வேறு: அடிக்கடி பீஸ் போகிறது என்று கேபிள் ஒயரில் நாலைந்து இழையை முறுக்கிக் கட்டிவிடுவது. பிறகு அது எதற்கும் போகாது.

ஆளுக்கு எவ்வளவு தாங்கும்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கலி வளாகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் தானாக முன்வந்தவர்களை வைத்து இதை அளந்து பார்த்தார். கையில் பிடித்த கம்பியைத் தானே விட முடிகிற உச்ச அளவு சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் தசை இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் கை விடாது. 16 எங்கே, 5000 எங்கே!

"அதெல்லாம் பழைய கதை, நாங்க பீஸைத் தூக்கிட்டு எம்சிபி போட்டுட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர்களும் உண்டு. எம்சிபி நல்ல சாமான்தான், ஆனால் அதுவும் ஒயருக்குக் காவல்தான். ஆளுக்குக் காவல் என்றால் அது ஆர்சிசிபி. பழைய ஆட்கள் ஈஎல்சிபி என்பார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அப்படியே நம்ம டிரையல் பேலன்ஸ். பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும், இரண்டும் டேலி ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் மிச்சம் யாரோ ஒருத்தர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் கடையைச் சாத்திவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் (2010-ல் வந்தவை, 2023-ல் புதுப்பிக்கப்பட்டவை) வீடுகளுக்குச் சொல்லும் வரம்பும் இந்த 30 தான்.

அப்படியென்றால் பாத்ரூம் போர்டிலேயே ஒரு ஆர்சிசிபி மாட்டிவிட்டால் போதுமே? என் வகுப்பு நண்பன் ஒருவன் இதைத்தான் கேட்டான். போதாது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆர்சிசிபி தனக்குப் பிறகு நடப்பதைத்தான் கவனிக்கும். மீட்டரிலிருந்து அந்தப் பெட்டிக்குள் வரும் ஒயர் அதற்கு முன்னாடி இருக்கிறது. மெயினை ஆஃப் செய்தாலும் அந்த முனையில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதை ஈரக்கையால் தொட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று, திறந்த போர்டில் பேஸையும் நியூட்ரலையும் ஒரே சமயத்தில் தொட்டால் போனதும் வந்ததும் டேலி ஆகிவிடும், கருவி சும்மா இருக்கும். (பொய்க் கணக்கும் டேலி ஆகும் என்று எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் உண்டு.) ஆக, கருவியும் வேண்டும், பெட்டியும் வெளியே போக வேண்டும்.

ஷாக் மட்டும் இல்லை. வெந்நீர் ஆவி தினமும் போய் உட்கார்ந்தால் செம்பு முனைகளில் பச்சை பூக்கும். தொடர்பு தளரும், தளர்ந்த இடம் சூடாகும். கரண்ட் அளவு கூடவில்லை என்பதால் பீஸும் போகாது, பலகை மட்டும் கருகிக்கொண்டே இருக்கும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் சுவரே ஊறிப்போகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஊறிய சுவரில்தான் அந்தப் பலகையும் தொங்குகிறது. சரி, ராத்திரி பீஸ் போனால் என்ன ஆகும்? விளக்கு இல்லாத பாத்ரூமில், ஈரத் தரையில் நின்று, கையால் தடவி பீஸ் கட்டையைத் தேட வேண்டும். இதைவிட மோசமான இடம் ஒரு வீட்டில் கிடைக்குமா?

வெளியே எப்படி? அமெரிக்க மின் விதித்தொகுப்பு வீடுகளின் பாத்ரூமில் பீஸ், பிரேக்கர் எதுவுமே வைக்கக்கூடாது என்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தர நெறி, தொட்டி இல்லாத ஷவர் பாத்ரூமில் தண்ணீர் வரும் இடத்திலிருந்து 120 செ.மீ. வரை, தரையிலிருந்து 225 செ.மீ. உயரம் வரை ஆபத்துப் பகுதி என்று வகுக்கிறது. நம்ம போர்ஷன் பாத்ரூம் நாலடிக்கு ஆறடி. 120 செ.மீ. என்றால் நாலடி. கோடு போட்டால் பாத்ரூம் கிட்டத்தட்ட முழுசும் உள்ளே வந்துவிடும்! சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து புது வீடுகளுக்கு ஆர்சிசிபி கட்டாயம். அதற்கு முந்தைய பழைய வீடுகளுக்கும் 2025 ஜூலை 1 வரை கெடு கொடுத்து மாட்ட வைத்தார்கள். வசதி இருந்தால் மட்டும் தப்பிக்க முடியாது என்பதற்கும் ஆள் இருக்கிறார். பிரான்ஸின் பெரிய பாடகர் குளோத் பிரான்சுவா 1978 மார்ச் 11 அன்று பாரிஸில் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் நின்றபடி சுவர் விளக்கைச் சரிசெய்யப் போய் இறந்தார்.

இனி எங்க சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன். இது இருபது வருஷமாக மாறாததற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. செலவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர், குளிக்கிறவர் வாடகைக்காரர். டைல்ஸ் போட்டால் வாடகையை ஏற்றலாம், கீசர் வைத்தால் இன்னும் ஏற்றலாம். ஆர்சிசிபி வைத்தேன் என்று சொல்லி நூறு ரூபாய் ஏற்ற முடியுமா? நாமும் ரூம் பார்க்கும்போது தண்ணீர் வருகிறதா, டவர் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். கேட்காத சரக்கை யார் விற்பார்கள்? ஆர்சிசிபி இரண்டாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம். ரூமில் மூன்று பேர், மூன்று வருஷப் படிப்பு என்று வகுத்தால் தலைக்கு மாதம் 19 ரூபாய்கூட வராது, ஒரு டீயும் பிஸ்கட்டும்.

ஆனால் அதை நாம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2019) உள், வெளி மின் ஒயரிங்கை வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. கேட்பது நம் உரிமை. கேட்டால் காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் இருக்கிறது. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. அப்போது பேரம் பேசும் பலம் நம் கையில். நிறைய வீடுகளில் மீட்டர் வெளியேதான் இருக்கிறது, உள்ளே இருப்பது பீஸ் போர்டு மட்டும். அதைச் சுவருக்கு மறுபக்கம் மாற்ற லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போதும், சில மீட்டர் ஒயர்தான் செலவு. மீட்டரே உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு போட வேண்டும். சீலை யாரும் தொடக்கூடாது.

அதுவரை அந்த பாத்ரூமில்தான் குளித்தாக வேண்டும் என்கிறவர்களுக்கு: வெந்நீருக்கு ஹீட்டர் கம்பியை அங்கே கொண்டு போகாதீர்கள், அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டு பக்கம் தண்ணீர் தெறிக்காத மூலையில் நின்று குளியுங்கள். பீஸ் போனால் நீங்களே கட்டப் போகாதீர்கள், எலக்ட்ரீஷியன் வரும்வரை மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு படியுங்கள். போர்டில் சூடோ, கருகல் வாசனையோ தெரிந்தால் அன்றைக்கே, எந்த நேரமானாலும், வீட்டுக்காரரை எழுப்பிக் கொண்டுவந்து காட்டுங்கள்.