விலாசப் பட்டியலும் சங்க நிர்வாகமும்

கூட்டுறவுச் சங்கங்களில் கையிருப்பு ரொக்கம், சரக்கிருப்பு, நகைக் கடன், தவணை தவறிய கடன் ஆகிய யாவும் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படுகின்றன. ஆனால் சங்கக் காரியாலயத்திலிருந்து நாள்தோறும் புறப்படும் செய்திகள் யார் யாருக்குப் போகின்றன, யார் யாருக்குப் போகவில்லை என்பதை ஆராய்வோர் அரியர். இன்று அச்செய்திகளுள் பெரும்பாலானவை மின்னஞ்சலாகவும் கைப்பேசிக் குழுச் செய்தியாகவுமே செல்கின்றன. செய்தியை எழுதுவது ஒரு வேலை. அதைப் பெறுவோர் பட்டியலை வகுப்பது வேறொரு வேலை. இவ்விரண்டில் பின்னதே பெரியது என்பது எனது துணிபு. அதுவே மிகுந்த அலட்சியத்துடன் செய்யப்படுகின்றது.

உசிலம்பட்டி வட்டாரத்துக் கிராமங்களில் முன்பெல்லாம் முக்கிய அறிவிப்புகள் தண்டோராவின் மூலமே ஊராருக்குத் தெரிந்தன. அந்தப் பணியை ஒரு சாரார் தலையிலேயே சுமத்தி வைத்திருந்த இழிவு நீங்கவேண்டியதுதான். 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு கூறியதும் நியாயமே. ஆயினும் ஒலிக்கு ஒரு குணம் உண்டு. அது ஆள் பார்த்துக் காதில் நுழைவதில்லை. தெருவில் நின்றவர் எவராயினும் அதைக் கேட்டார். மின்னஞ்சல் அத்தகையது அன்று. எந்த விலாசத்தை இட்டோமோ அந்த விலாசத்துக்கு மட்டுமே அது செல்லும். ஆகவே விலாசம் இடுகின்ற கை, தண்டோராக்காரருக்கு ஒருபோதும் இருந்திராத அதிகாரத்தைப் பெற்றுவிடுகின்றது.

மின்னஞ்சலில் விலாசம் எழுதுவதற்கு மூன்று இடங்கள் உள்ளன. முதலாவது பெறுநர், காரியத்தைச் செய்யவேண்டியவர் இவர். இரண்டாவது நகல், செய்தியை அறிந்திருந்தால் போதும் என்பவர்க்கு உரியது. தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்த காலத்துப் பெயரே இன்றும் இதற்கு ஆங்கிலத்தில் வழங்கி வருகின்றது. மூன்றாவது மறைநகல். இதில் இடப்படும் விலாசங்கள் பிற பெறுநர்களின் கண்ணுக்குத் தெரியா. நமது சிப்பந்திகளில் பலர் இம்மூன்றையும் ஒன்றாகவே கருதி, எல்லா விலாசங்களையும் முதலிடத்திலேயே அடுக்கிவிடுகின்றனர். அதன் பயனாக ஒரு கடிதம் முப்பது பேருக்குச் செல்கின்றது. அம்முப்பதின்மரும் ‘வேறு யாரேனும் கவனிப்பர்’ என்று வாளாவிருக்கின்றனர்.

இதனால் விளையும் நஷ்டம் யாருடையது? தமிழகத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற பயிர்க் கடனை உரிய நாளுக்குள் திருப்பிச் செலுத்தும் விவசாயிக்கு வட்டி கிடையாது. நாள் தவறினால் அச்சலுகை போய்விடும். தவணை பற்றிய நினைவூட்டு மேலிடத்திலிருந்து சங்கத்துக்கு வருகின்றது. சங்கத்திலிருந்து எழுத்தருக்கும், எழுத்தரிடமிருந்து அங்கத்தினருக்கும் செல்லவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும், செய்தியை அனுப்பியவருக்கோ அனுப்ப மறந்தவருக்கோ ஒரு காசும் நஷ்டமில்லை. செல்லம்பட்டிப் பக்கத்தில் நிலக்கடலை பயிரிட்டவர் வட்டி கட்டுகின்றார். காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளும் இவ்வாறே. மழை பொய்த்த பிறகுதான் அந்த நாள் எப்போதோ கடந்துவிட்டது என்று பலருக்குத் தெரிய வருகின்றது.

நெசவாளர் சங்கத்தில் இந்நிலைமை இன்னும் கூர்மையானது. அங்கே அங்கத்தினரே தொழிலாளியும் ஆவார். அவருக்குக் கூலி நெய்த உருப்படிக்குத்தான். புதிய நூல் வந்திருக்கின்றது, கூலி கூடுதலான சேலைக்கு ஆர்டர் வந்திருக்கின்றது என்ற செய்தியை முதலில் அறிந்தவர் பாவு வாங்கிச் செல்கின்றார். இரண்டு நாள் கழித்து அறிந்தவருக்கு எஞ்சிய மட்ட ரகமே கிடைக்கும். செய்தியைப் பங்கிடுவது அங்கே வேலையைப் பங்கிடுவதாகவே முடிகின்றது. மனம் கசந்து ஒன்று சொல்கின்றேன்: சில சங்கங்களில் இரண்டு குழுக்கள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்த குழு; காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் அதில் தவறாமல் வரும். மற்றொன்று வேண்டியவர்களின் குழு. உரமூட்டை வந்த செய்தியும் ஆர்டர் வந்த செய்தியும் அதில்தான் முதலில் வரும். இந்த இரண்டாவது குழுவைப் பற்றிக் கேட்டால், ‘அது சொந்தக் கைப்பேசி, சங்கத்துக்குச் சம்பந்தமில்லை’ என்ற பதில் வரும். சங்கத்தின் சரக்கைப் பற்றிய செய்தி சொந்தச் செய்தி ஆவது எங்ஙனம்?

சிலர், ‘எதற்கு இந்தத் தொல்லை? எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் வம்பில்லையே’ என்பர். பார்வைக்கு இது ஜனநாயகமாகத் தோன்றும். நடைமுறையில் இது இரு விதத்தில் தீங்கானது. நகை மதிப்பீட்டாளருக்கு உர ஒதுக்கீட்டுக் கடிதமும், நியாயவிலைக் கடை விற்பனையாளருக்கு நகைக் கடன் சுற்றறிக்கையும் நாள்தோறும் வருமானால், அவர்கள் விரைவில் எதையுமே படிக்காமல் விடுவர். தமக்கே உரிய கடிதமும் அக்குவியலில் புதைந்துபோகும். 2016 நவம்பர் 14ஆம் நாள் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் இதன் உச்சத்தைக் கண்டனர். ஒரு சிறு குழுவுக்கென்று அனுப்பிய சோதனை மின்னஞ்சல், பட்டியல் அமைப்பில் நேர்ந்த கோளாற்றால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சென்றது. அதைப் பெற்றவர்களில் பலர் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று அனைவருக்கும் பதில் அனுப்பலாயினர். அந்தப் பதில்களே வெள்ளமாய்ப் பெருகி, மருத்துவமனைகளின் அஞ்சல் போக்கை மந்தமாக்கின.

இரண்டாவது தீங்கு மானத்தைப் பற்றியது. லண்டன் நகரில் ‘56 டீன் ஸ்ட்ரீட்’ என்னும் மருத்துவ நிலையம் 2015 செப்டம்பரில் 781 பேருக்கு ஒரு செய்தி மடலை அனுப்பிற்று. பெற்றவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றுடையோர். விலாசங்களை மறைநகலில் இடுவதற்குப் பதிலாகப் பெறுநர் இடத்தில் இட்டுவிட்டனர். ஒருவர் விலாசம் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் அம்மருத்துவ நிலையத்தை நடத்திய அமைப்புக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தது. நோயும் கடனும் ஒன்றல்ல என்பர். எனினும் தவணை தவறியோர் பட்டியலை, பெயரும் தொகையுமாக, ஒரு குழு முழுமைக்கும் அனுப்பும் வழக்கம் நம்மிடையே இல்லை என்று யார் சொல்லக்கூடும்? ‘நாலு பேருக்குத் தெரிந்தால்தான் கட்டுவான்’ என்பது அவர்களின் வாதம். கட்டுவார்தான், கந்துக்காரரிடம் கடன் வாங்கிக் கட்டுவார். எந்தக் கந்துவட்டியினின்று மக்களை மீட்க 1904இல் நம் நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்ததோ, அதே வாசலுக்கு அவரை நாமே திருப்பி அனுப்புகின்றோம். கடன் பெற்றவரின் விவரத்தைக் காப்பது வங்கித் தொழிலின் பழைய மரபு. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு நெடுநாள் முன்பே உள்ள மரபு.

ஆகவே எது எல்லோருக்கும், எது சிலருக்கு, எது ஒருவருக்கு மட்டும் என்று பகுத்தறிய வேண்டும். விலை, கூலி விகிதம், சரக்கு வரவு, பேரவைக் கூட்டத் தேதி, பங்கு ஈவு ஆகியவை எல்லோருக்கும் உரியவை. அவற்றை ஒருவருக்கு முன்னும் ஒருவருக்குப் பின்னும் சொல்லலாகாது. பிரிவு சார்ந்த உத்தரவு அந்தப் பிரிவுச் சிப்பந்திகளுக்கு உரியது. மேலதிகாரிக்கு ஒரு நகல் போதும். பாக்கி, ஒழுங்கு நடவடிக்கை, சம்பளப் பிடித்தம் ஆகியவை சம்பந்தப்பட்ட ஒருவருக்கே உரியவை. இதில் சிக்கல் ஒன்றும் இல்லை, சிரத்தைதான் இல்லை.

பட்டியலை ஆளின் பெயரால் அன்றிப் பதவியின் பெயரால் அமைத்தல் வேண்டும். செயலாளர் மாற்றலாகிச் சென்ற பின்னும், அவருடைய சொந்த விலாசத்துக்கே சங்கக் கடிதங்கள் மாதக் கணக்கில் போய்க்கொண்டிருப்பதைக் காண்கின்றோம். புதிதாக வந்தவர் கடிதமே வரவில்லை என்கின்றார்; அனுப்பியவரோ அனுப்பியாயிற்று என்கின்றார். இருவர் சொல்வதும் உண்மையே! சங்கத்துக்கென ஒரு விலாசம், விற்பனைப் பிரிவுக்கு ஒன்று, கடன் பிரிவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், நாற்காலியில் யார் அமர்ந்தாலும் கடிதம் நாற்காலிக்கு வந்து சேரும். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ரூ.2,516 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அத்தகைய திட்டங்களால் கணினி வந்து சேரலாம். விலாசப் பட்டியலை அது தானே திருத்திக்கொள்ளாது.

மின்னஞ்சலே இல்லாதவரை என் செய்வது என்ற கேள்வி உண்டு. நமது அங்கத்தினரில் மிகப் பலர் அவ்வகையினரே. முதியவர் பலர் கொடுத்திருக்கும் கைப்பேசி எண், திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. செய்தி திருப்பூர் வரை போய் அங்கேயே தங்கிவிடுகின்றது. பெண் அங்கத்தினர்க்குக் கணவர் எண்ணே பதிவாகியிருப்பதும் சாதாரணம். அவருடைய கடனைப் பற்றி அவரைத் தவிர வீட்டில் எல்லோரும் அறிவர். எல்லோருக்கும் உரிய செய்தி எதுவாயினும் அதே நாளில் அச்சிட்டுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஒட்டிய தேதியும் நேரமும் அதில் குறிக்கப்பட வேண்டும். 1995இல் அகில உலகக் கூட்டுறவு அமைப்பு மான்செஸ்டரில் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவலும் பற்றியது. அதில் தகவல் என்றிருப்பது, வசதி படைத்தோர்க்கு மட்டும் என்று பொருள்படாது.

எந்தக் குழுவில் யார் யார் உள்ளனர், அவரைச் சேர்த்தவர் யார், நீக்கியவர் யார், எந்நாளில் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி, நிர்வாகக் குழுவோ, குழு இல்லாத காலத்தில் பொறுப்பு அலுவலரோ கையொப்பமிட வேண்டும் என்பது எனது யோசனை. சில செயலாளர்கள் இதைக் கேட்டதும், ‘எந்தச் சட்டப் பிரிவின்கீழ் ஐயா?’ என்று வினவுகின்றனர். தனிப் பிரிவு எதையும் நான் காட்டப்போவதில்லை. ரொக்கப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைப்பதற்குப் பிரிவு வேண்டியதில்லை. அடுத்த முறை சங்கத்துக்குச் செல்லும்போது அங்கத்தினர்கள், ‘எனது பெயர் எந்தப் பட்டியலில் இருக்கின்றது? எந்த எண்ணுக்குச் செய்தி போகின்றது?’ என்று கேட்டுப் பார்க்கலாம். நோட்டு இருந்தால், பதில் சொல்ல எழுத்தருக்கு ஐந்து நிமிடம் போதும்.