ஓடிபி பார்த்துட்டு வர்றதுக்குள்ள விண்ணப்பம் காலி! போன் ஏன் இப்படி பண்ணுது?

சோளிங்கரில் இருந்து ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு பஸ்ஸில் போகும் ஒரு பெண், மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை போனிலேயே நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் போட்டாச்சு. ஓடிபி வருகிறது. மெசேஜைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், செயலி முதல் பக்கத்தில் நிற்கிறது. போட்டதெல்லாம் போச்சு!

நெட் பிரச்னை என்றுதான் பலரும் நினைப்பார்கள். பல நேரம் காரணம் ரேம்.

சோளிங்கர் மலை ரோப் காரில் கணக்குக்கு மேல் ஆள் ஏற்ற மாட்டார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு 1,305 படி இருக்கவே இருக்கு. போன் அப்படி இல்லை. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, இடம் பத்தாதபோது உள்ளே இருப்பவரை இறக்கிவிடும்.

யாரை இறக்கும்?

ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. திரையில் இருப்பதற்கு 0. இப்போதுதான் விட்டு வந்த செயலிக்கு 700. எப்போதோ திறந்து மறந்தவற்றுக்கு 900-க்கு மேல். அதிக மார்க் வாங்கியவர்தான் முதலில் வெளியே! ரேம் குறைந்த போனில் 900-கள் சீக்கிரம் தீர்ந்து, 700-க்கும் கத்தி விழுகிறது.

முன்பெல்லாம் காலி இடம் இத்தனை எம்பிக்குக் கீழே போனால் மூடு என்ற வரம்புதான். ஆண்ட்ராய்டு 10-ல், ரேமுக்காக வேலைகள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று அளக்கும் முறையும் வந்தது.

தப்பு போன் மேலயா?

முழுசா இல்லை. மூடப்படலாம் என்பது செயலி எழுதுபவர்களுக்குத் தெரிந்த விதி. நிரப்பியதை அப்போதைக்கு அப்போது சேமித்து வைத்தால் விட்ட இடத்தில் தொடரலாம். இதைச் சோதிக்கவும் வழி உண்டு. 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்ற ஒரு பட்டனை ஆன் செய்தால், வெளியேறிய பக்கம் உடனே அழிந்துவிடும். திரும்பி வரும்போது விவரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 12 ஜிபி போனில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது.

இப்போ ஏன் முக்கியம்?

ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளுவதால் 2025 கடைசியில் விலை எகிறியது. 'க்ரூஷியல்' என்ற தன் நுகர்வோர் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. விலை ஏறினால் பட்ஜெட் போன்களில்தான் முதலில் ரேம் குறையும்.

அதுவரை, ஓடிபி வந்தால் மெசேஜைத் திறக்காமல் மேலே வரும் நோட்டிஃபிகேஷனிலேயே எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.