செம்மஞ்சள் நிறம் தரும் பொய்யான ஆறுதல்

நீரிழிவு, இருதய நோய் முதலான தொற்றா நோய்கள் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் எண்ணெயும் இறைச்சியும் சோறும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன. குவளையில் ஊற்றிக் குடிக்கப்படும் சீனி மாத்திரம் பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. ஆயினும் உடற்பருமனைப் பொறுத்தவரையில், உண்ணும் சீனியிலும் பார்க்கக் குடிக்கும் சீனியே நாம் கூடுதலாக அஞ்ச வேண்டியதாகும்.

இதற்கான காரணம் எளிமையானது. மென்று உண்ணும் உணவை வயிறு கணக்கில் எடுத்துக்கொள்கின்றது. அடுத்த வேளைக்குப் பசி குறைகின்றது. இனிப்புப் பானத்துக்கு அத்தகைய கணக்கு இல்லை. 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான சிறியதோர் ஆய்வில், 15 பேருக்கு நாளாந்தம் 450 கிலோகலோரி அளவான சீனி நான்கு வாரங்கள் மிட்டாயாகவும், வேறு நான்கு வாரங்கள் மென்பானமாகவும் வழங்கப்பட்டது. மிட்டாய் உண்ட காலத்தில் அவர்கள் தம்மை அறியாமலே ஏனைய உணவைக் குறைத்துக் கொண்டனர். மென்பானம் அருந்திய காலத்தில் உணவும் குறையவில்லை. உடல் நிறையும் கூடியது.

2012 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இதனை மேலும் உறுதிப்படுத்தியது. 641 சிறுவர்களில் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 250 மில்லிலீற்றர் சீனிப் பானமும், மறு சாராருக்கு அதே சுவையுடைய சீனியற்ற பானமும் 18 மாதங்கள் கொடுக்கப்பட்டன. சீனிப் பானம் அருந்தியோரின் நிறை சராசரியாக 7.37 கிலோகிராமும், மற்றையோரின் நிறை 6.35 கிலோகிராமும் அதிகரித்தன. நாளுக்கு ஒரு சிறு குவளையின் விளைவே ஒரு கிலோகிராம் என்பதைப் பெற்றோர் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இலங்கை இவ்விடயத்தில் வாளாவிருந்தது எனக் கூற முடியாது. 2016 ஓகஸ்ட் மாதம் மென்பானங்களுக்கான நிறக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரையெனின் செம்மஞ்சள், 2 கிராமிலும் குறைவெனின் பச்சை என அது வகுத்தது. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆனால் செம்மஞ்சளின் எல்லை மிக அகன்றது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி கொண்ட பானமும் செம்மஞ்சளே. அத்தகைய 400 மில்லிலீற்றர் போத்தலொன்றில் இருப்பதோ 40 கிராம், அதாவது ஏறத்தாழ 10 தேக்கரண்டி சீனி. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள உச்ச வரம்பு 50 கிராம்; 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நன்று என்பது அதன் ஆலோசனை. சிவப்பு இல்லையென்ற ஆறுதலுடன் பிள்ளையின் கையில் போத்தலைக் கொடுக்கும் தாய் இதனை எவ்வாறு அறிவார்?

வரியின் கதையும் இவ்வாறானதே. 2017 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் சீனி கிராம் ஒன்றுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. 2018 இன் அரசியல் குழப்பத்தின் நடுவே அது குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரித்தானியாவில் அறவிடத் தொடங்கிய வரியோ 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம் என்ற எல்லையிலிருந்தே ஆரம்பமாயிற்று. அதற்கு முன்னரே அங்குள்ள உற்பத்தியாளர்கள் பலர் தமது பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டனர். எல்லை எங்கே இடப்படுகின்றதோ, அதன் கீழேயே உற்பத்தியாளர் வந்து நிற்பர். ஆகவே எமது எல்லையையும் கீழிறக்குவதே அரசின் கடமையாகும்.

எனினும் முழுப் பழியையும் போத்தலின் மீது சுமத்திவிட முடியாது. குவளைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து தடவை தேநீர் அருந்துபவரும் அதே 40 கிராமையே உட்கொள்கின்றார். அவரது குவளையில் எந்த நிறக் குறியீடும் இல்லை. விருந்தினருக்குச் சீனி குறைத்துத் தேநீர் கொடுப்பதைக் கஞ்சத்தனமாக எண்ணும் மனப்பான்மை எம்மிடையே இன்றும் உள்ளது.

மாற்று வழிகளோ எமது மரபிலேயே இருக்கின்றன. கோவில் திருவிழாக்களின் தண்ணீர்ப்பந்தல்களில் மோர் வழங்குவது எம்மவர் வழக்கம். பேரீச்சம்பழத்துடனும் தண்ணீருடனும் நோன்பு திறப்பது நபிவழி. அவ்விடங்களைச் சாயமூட்டிய சர்பத்தும் மென்பானமும் பிடித்துக்கொள்ள இடமளிப்பது, உபசரிப்பின் பெயரால் நோயைப் பரிமாறுவதாகவே முடியும். அரசு சட்டத்தின் எல்லையைத் திருத்தட்டும். அதுவரை காத்திராது, எமது வீடுகளிலும் வழிபாட்டிடங்களிலும் சீனிக் கரண்டியின் எல்லையை நாமே திருத்திக்கொள்வோமாக.