ஜிலேபியின் பூர்வீகம்

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகின்றன. அங்கே வலையில் விழும் ஜிலேபி கெண்டையை ஊர் மீன் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆப்பிரிக்கத் திலேப்பியா அது. 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் மீன், பெருகாமல் என்ன செய்யும்?

அடுத்த விருந்தாளி, தென் அமெரிக்காவின் ‘டேங்க் கிளீனர்’ மீன். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வாங்குகிறார்கள். வளர்ந்ததும் வாய்க்காலில் விடுகிறார்கள். (ஜீவகாருண்யமாம்!) அது கரையைக் குடைந்து முட்டையிடும், முள் கவசம் வலையைக் கிழிக்கும்.

உய்யக்கொண்டான் வாய்க்காலை மூடும் ஆகாயத்தாமரை கண்ணுக்குத் தெரிவதால் அதை அகற்ற இயந்திரம் வருகிறது. நீருக்கடியில் நடப்பதை யார் பார்ப்பது?

காவிரியின் மேல்பகுதியிலும் இதே கதைதான். அங்கே வாழும் திமில் மஹ்சீர் மீன், தூண்டில்காரர்களிடம் நூறாண்டுக்கும் மேலாகப் புகழ்பெற்றது. அதன் அறிவியல் பெயர் உறுதியானதோ 2018-இல்தான். அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற அறிவிப்பும் அதே ஆண்டில் வந்தது. அதற்குப் போட்டியாக வேற்றிட மஹ்சீர் குஞ்சுகளை ஆற்றில் விட்டது மனிதர்களே.

நீருக்கடியில் நடப்பதை அறிய, திருச்சியில் கணக்கெடுப்பை மீன் கூடையிலிருந்தே தொடங்கலாம். எந்த மீன், எந்தத் துறை, எத்தனை கிலோ என்று மாதாமாதம் எழுதிவைக்க ஒரு நோட்டும் தராசும் போதும்.