வாசலுக்கு வரி உண்டு, வாக்கு எங்கே?



நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். அந்த நேரம் வந்தால் லயத்து வாசல்வரை கார் வருகிறது; போவோர் வருவோர் எல்லாம் கும்பிடு போடுகிறார்கள். ஆனால் சாக்கடை, தெருவிளக்கு, சந்தை, ஒட்டுக்கடை லைசென்ஸ், வீட்டு வரி, தோட்டத்தை அழித்துக் கட்டுகிற தாமான், இத்தனையையும் முடிவு செய்கிற ஊராட்சி மன்றத்துக்கு நாம் ஓட்டுப் போட்டது உண்டா? எண்பது வயதைத் தாண்டிய சிலரைத் தவிர, தீபகற்ப மலேசியாவில் இன்று உள்ள எவருக்கும் அந்த அனுபவம் கிடையாது.

"அதெல்லாம் டவுன்காரன் சமாச்சாரம்ங்க, மரம் சீவுறவனுக்கு எதுக்கு?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்தோம்.

ஒரு காலத்தில் அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. தோட்டம் துரையின் ராஜ்யம். தண்ணீர்க் குழாய் முதல் ஆயா கொட்டகை வரை அவர் பொறுப்பு. மன்றத்தின் எல்லை டவுனோடு நின்றது. 1973-லும் 1976-லும் வந்த சட்டங்கள் நாட்டில் முந்நூற்றுக்கும் அதிகமாகச் சிதறிக் கிடந்த சிறிய மன்றங்களை ஒன்று சேர்த்து, பெரிய நகராண்மைக் கழகங்களாகவும் மாவட்ட மன்றங்களாகவும் ஆக்கின. எல்லை விரிந்தது. எத்தனையோ தோட்டங்கள் அதற்குள் வந்துவிட்டன. ஆனால் லயத்துக்கு ரோடு போடச் சொன்னால், "அது தனியார் நிலம், நிர்வாகத்தைக் கேளுங்க" என்கிறது மன்றம். நிர்வாகத்திடம் போனால், "நாங்கள்தான் மன்றத்துக்கு வரி கட்டுகிறோமே, அங்கே கேள்" என்கிறது. பந்து இரண்டு பக்கமும் உருள்கிறது. குழியில் விழுவது நம் பிள்ளைகளின் சைக்கிள்.

அதுமட்டுமா? நம்மில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டோம். தாமானில், மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். சுக்காய் பிந்து பில் நம் பெயருக்கே வருகிறது. மனைவி நாசி லெமாக் விற்றால் மன்றத்தின் லைசென்ஸ் வேண்டும். இனியும் அது டவுன்காரன் சமாச்சாரம் என்று சொல்ல முடியுமா?

இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் புதிய சங்கதி அல்ல. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது மெர்டேக்கா கூட வரவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே ஓட்டு இருந்தது! ஊரை வட்டாரமாகப் பிரிப்பார்கள். வாக்காளர் பட்டியல் தயாராகும்; பெயர் விட்டுப்போனவர்கள் வந்து சேர்த்துக்கொள்ளலாம். வேட்புமனு நாள் குறிப்பார்கள். பிறகு பிரச்சாரம், பெட்டி, எண்ணிக்கை. எவன் சாக்கடையைப் பார்க்கவில்லையோ அவனுக்கு அடுத்த முறை ஓட்டு விழாது. கணக்கு அவ்வளவு எளிது.

1957-ல் மாநகரான ஜார்ஜ்டவுனில் பிறகு மேயராக வந்தவர் தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன். சீனர்கள் மிகுதியாக வாழும் ஊர் அது. மேயராக அமர்ந்தது நம்மவர். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி, தேர்தலில் நின்று ஜெயித்து மன்றத்தை நடத்தியது. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

பிறகு என்ன ஆயிற்று? இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த நேரத்தில், 1965 மார்ச் 1-ஆம் தேதி, அவசரகால விதிகளின்படி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. கவனியுங்கள், நிறுத்தி வைப்புத்தான். மோதல் 1966-ல் தீர்ந்தது. தேர்தல் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்த 1965-லேயே ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைமை தாங்கியவர் செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன். அவரும் நம்மவர். மன்றங்கள் எப்படி நடக்கின்றன, எங்கே ஊழல், எங்கே திறமைக் குறைவு என்று ஆராய்வது ஆணையத்தின் வேலை. சில மன்றங்களில் தில்லுமுல்லு நடந்ததாகக் குற்றச்சாட்டு இருந்தது உண்மைதான். அதையெல்லாம் பார்த்த பிறகும், 1968 கடைசியில் முடித்த அறிக்கையில் ஆணையம் சொன்ன முடிவு, மன்றங்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டே நடக்க வேண்டும் என்பது. கரை பட்டால் வேட்டியைத் துவைப்பார்கள், கொளுத்த மாட்டார்கள். அரசாங்கம் அந்த ஆலோசனையை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171-ஆவது சட்டம், தன் 15-ஆவது பிரிவில் ஊராட்சித் தேர்தலுக்கான விதிகள் அத்தனையும் செல்லாது என்று முடித்துவிட்டது.

அன்றிலிருந்து உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்கு 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மேற்போகாமல். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது ஊரறிந்த விஷயம்: ஆளும் கட்சிகள் தங்களுக்குள் நாற்காலியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நல்லவர்களும் வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியது நியமித்தவருக்கா, நமக்கா? சம்பளம் கொடுக்கிறவன் சொல்லைத்தானே கங்காணி கேட்பான்?

பினாங்கு மாநிலம் 2012-ல் தேர்தலைத் திருப்பிக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2018-ல் ஆட்சி மாறியபோது மூன்றாண்டில் தேர்தல் வரும் என்று அமைச்சர் ஒருவர் சொன்னார். அவ்வாண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர், இனப் பிணக்கு வரும் என்று காரணம் சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். கட்சிகள் மாறின, கதை மாறவில்லை.

இனப் பிணக்கு என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. டவுன்களில் ஓர் இனத்தின் கை ஓங்கிவிடும் என்று மலாய்த் தோழர்களில் சிலர் உண்மையாகவே அஞ்சுகிறார்கள். ஆனால் அதே டவுன்களில் நாடாளுமன்றத் தேர்தல் நடக்கவில்லையா? அங்கே அத்தனை இனமும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போடவில்லையா? சாக்கடை அடைத்தால் நாற்றம் மூன்று இனத்தின் மூக்குக்கும் ஒன்றுதான். பயத்தைப் போக்க வேண்டுமானால் வட்டாரத்தை நியாயமாகப் பிரிக்கட்டும், எல்லைக்குள் கம்பத்தையும் தோட்டத்தையும் சேர்க்கட்டும். வழி இருக்கிறது, மனம் வேண்டும்.

நம் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால் வாளி தூக்குகிற நாம், கிளைத் தலைவரையும் செயலாளரையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். 1959-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் இரகசிய வாக்கெடுப்பு வைத்தாக வேண்டும் என்கிறது. விதியை மாற்ற வேண்டுமானால் முறைப்படி கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டு, பதிவு செய்த பிறகுதான் அமலுக்கு வரும். தொழிலாளிச் சங்கத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு போடுகிற அரசாங்கம், கோடி வெள்ளி வரவு செலவு செய்கிற மன்றத்துக்கு மட்டும் ஓட்டே வேண்டாம் என்கிறதே, இது எந்த ஊர் நியாயம்?

சரி, தேர்தல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? கூடாது. அதே 171-ஆவது சட்டத்தில் நமக்கென்று சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. தட்டுவாரில்லை.

முதலாவது: மன்றத்தின் முழுக் கூட்டம், வேண்டாமென்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாலொழிய, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தது. 23-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இரண்டு பேர் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பேச உரிமை இல்லாவிட்டாலும், பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே பேசுகிறவர்களின் நாக்கு கொஞ்சம் அடங்கும்.

இரண்டாவது: மன்றம் தன் விதிகளை மாற்றும்போது, அதாவது துணைச் சட்டம் போடும்போது, மாநில அரசு உறுதி செய்து அரசிதழில் வெளியிட்ட பிறகே அது செல்லும். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை விதிக்க மன்றம் வகை செய்யலாம். தள்ளுவண்டிக்காரனுக்கு 2,000 வெள்ளி என்றால் குடும்பமே படுத்துவிடும். ஆகவே அதிகாரி வந்து "புது விதி" என்றால், பணிவாகவே கேளுங்கள்: "எந்தத் துணைச் சட்டம், எந்த வருசத்து கெசட்டுங்க?"

மூன்றாவது: வரிக்கான மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது ஆட்சேபிக்க உரிமை உண்டு. நோட்டீஸ் வந்ததும் தேதியைப் பாருங்கள். எழுத்து மூலம், கெடுவுக்குள். கெடு தாண்டினால் கடவுளே வந்தாலும் ஆகாது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ரன்சாங்கான் தெம்பாத்தான் என்ற உள்ளூர்த் திட்டம். எந்த நிலம் விவசாயம், எந்த நிலம் வீடமைப்பு, எந்த நிலம் தொழிற்சாலை என்று வண்ணம் தீட்டிய வரைபடம் அது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி அதன் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். நம் தோட்டம் விற்கப்படப் போகிறது என்ற சேதி பெரட்டுக் களத்துக்கு வருமுன்னே அந்த வரைபடத்தில் வண்ணம் மாறியிருக்கும். நம் மாரியம்மன் கோயில் அதில் இருக்கிறதா? தமிழ்ப்பள்ளி இருக்கிறதா? சுடுகாடு இருக்கிறதா? இல்லையென்றால் அன்றைக்கே எழுதிப் போடுங்கள். புல்டோசர் வந்த பிறகு மறியல் செய்வது வீரம்தான். ஆனால் காகிதம் ஒன்று முன்னமே போயிருந்தால் அந்த மறியலுக்கும் பலம் கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறுப்பினராக நியமிக்கப்படத் தொழிலிலோ வியாபாரத்திலோ பேர் எடுத்தவராக இருக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தகுதி உள்ளவர்களும் வரலாம் என்கிறது. ஆக, நியமனம் இருக்கும்வரை, மரம் சீவுகிற ஒருவரோ, குலை அறுக்கிற ஒருவரோ, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணோ அங்கே உட்காரச் சட்டத்தில் தடை இல்லை. கட்சித் தலைவர்களிடம் இதைக் கேட்போம். கான்ட்ராக்டர்களுக்கு மட்டுமா சமூகம்?

கடைசியாக, ஐ.சி. முகவரி. 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் ஆகிறார்கள். ஆனால் எந்த இடத்து வாக்காளர் என்பதை ஐ.சி. முகவரிதான் தீர்மானிக்கிறது. தோட்டத்தை விட்டு வந்து பத்து வருசம் ஆகியும், இடிந்துபோன லயத்து முகவரியையே வைத்திருக்கிறோம். நாளை ஊராட்சித் தேர்தல் வந்து வட்டாரம் பிரித்தால், நாம் வாழ்கிற தாமானில் நாம் இல்லாதவர்கள். ஆளில்லாத லயத்தில் நம் ஓட்டு கிடக்கும். பதிவு இலாகாவுக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் மாற்றிக் கொடுங்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அறுபது வருசமாக நாம் அழவே இல்லை. அழ ஒரு தொட்டில் இருந்தது என்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போடுங்கள். ஊராட்சித் தேர்தலைத் திருப்பிக் கொடு என்பது ஒன்று. அதுவரை மன்றக் கூட்டத்துக்கு நம் ஆட்கள் இரண்டு பேர் தவறாமல் போவார்கள் என்பது மற்றொன்று. முதல் தீர்மானம் கோலாலம்பூருக்குப் போய்ச் சேர நாளாகலாம். இரண்டாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த மாதமே தொடங்கலாம்.