கூட்டத்துக்குக் கை இல்லை

2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை, பனையூர். ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12 அன்றே நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. ‘ரோஜா’ வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த முப்பது ஆண்டுகளையும் ஒரே இரவில் கேட்டுவிடலாம் என்று தமிழ்நாட்டின் நாலா பக்கமிருந்தும் கிளம்பி வந்தார்கள். வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று டிக்கெட்டுக்கும் நகைக்கடை போலவே தரம் பிரித்திருந்தார்கள்.

நடந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். தங்க டிக்கெட் வைத்திருந்தவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். பல ஆயிரம் கொடுத்தவர்கள் உட்கார இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். கூட்டத்தில் பிள்ளைகளைத் தவறவிட்டுத் தேடினார்கள். மூச்சு முட்டியது என்றார்கள். அந்த நெரிசலுக்குள் தங்கள் உடம்பின் மேல் கைகள் வந்ததைப் பெண்கள் பலர் அன்றிரவே எழுதினார்கள். முதலமைச்சரின் வாகன வரிசையும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் சிக்கியது. ஓரிரு நாட்களில் காவல்துறை உயரதிகாரிகள் சிலர் மாற்றப்பட்டார்கள். ஏற்பாடு செய்த ஏசிடிசி ஈவென்ட்ஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்த வாரம் முழுக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பயன்படுத்திய சொல் ‘ஏமாற்றம்’. ரசிகர்கள் ஏமாற்றம், குளறுபடி, அதிருப்தி. எனக்கு இந்தச் சொல்லோடுதான் சண்டை. பணம் கொடுத்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவருக்கு நேர்ந்தது ஏமாற்றம்தான், மறுக்கவில்லை. உள்ளே போய், பாட்டுக்கு நடுவே யாரோ ஒருவன் மார்பைப் பிடித்த பெண்ணுக்கு நேர்ந்ததை எந்த அகராதியில் ‘ஏமாற்றம்’ என்று எழுதியிருக்கிறது? அது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அதற்கு 354 என்று ஒரு எண்ணே இருந்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘கச்சேரியில் குளறுபடி’ என்று சீட்டு ஒட்டியவுடன் குற்றம் காணாமல் போய், சேவைக் குறைபாடு மட்டும் மிஞ்சியது.

அடுத்து வந்த நிவாரணத்தைப் பாருங்கள். டிக்கெட்டின் நகலையும் குறையையும் மெயிலில் அனுப்புங்கள் என்று ரஹ்மான் தரப்பு கேட்டுக்கொண்டது. காசைப் பறிகொடுத்தவருக்கு அது சரியான பதில், பணம் திரும்பியும் கிடைத்தது. தொட்டவனைப் பற்றிப் புகார் வைத்திருந்த பெண் அந்த மெயிலில் எதை இணைத்து அனுப்புவாள்? டிக்கெட்டுக்கு நகல் உண்டு, பார்கோடு உண்டு. உடம்பில் விழுந்த கைக்கு ரசீது இல்லை. தமிழ்நாட்டில் ஒரு நுகர்வோருக்கு இருக்கும் கௌரவம் ஒரு பெண்ணுக்கு இல்லை என்பதை அந்த வாரம் இவ்வளவு வெளிச்சமாகக் காட்டியது.

ரஹ்மான் அந்த நேரத்தில் எழுதிய பதிவும் நினைவிருக்கும். எல்லோரும் விழித்துக்கொள்வதற்காக இம்முறை தானே பலியாடாக இருப்பதாகச் சொன்னார். உலகத் தரமான கட்டமைப்பு, சுற்றுலா வளர்ச்சி, கூட்ட நிர்வாகம், போக்குவரத்து நிர்வாகம், ரசிகர்களை விதிகளைப் பின்பற்ற வைப்பது என்று அடுக்கிக்கொண்டே போய், குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் பாதுகாப்பு என்பதை அவற்றுக்குப் பின்னால் வைத்தார். அவர் மனம் வருந்தினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வருத்தத்திலும் ஒரு வரிசை இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். சுற்றுலாவுக்குப் பின்னால் ஏன் நாங்கள்? அன்றிரவு ஆடு எது என்பது மேடையில் இருந்து பார்த்தால் ஒரு மாதிரியும், தடுப்புக் கம்பியில் நசுங்கிக்கொண்டிருந்த பெண்ணின் இடத்தில் இருந்து பார்த்தால் வேறு மாதிரியும் தெரியும்.

தலைவர் மேல் கல் விழக் கூடாது என்று ரசிகர்கள் ஓடிவந்தார்கள். அவர்களின் முதல் வாதம், ‘ரஹ்மான் பாட வந்தாரா, கேட் பார்க்க வந்தாரா?’ இரண்டாவது வாதம்தான் ஆபத்தானது: ‘கூட்டம்னா அப்படித்தான் இருக்கும்.’ இந்த ஒரு வாக்கியத்தைத் தருமபுரி பேருந்து நிலையத்தில் தொடங்கி, ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் போகும் பேருந்து வரை பெண்கள் கேட்டே வளர்கிறோம். கூட்டம் என்பது மழை மாதிரி, வெள்ளம் மாதிரி, யாரும் பொறுப்பில்லாத இயற்கை என்று இந்த வாக்கியம் சொல்லித் தருகிறது.

பொய். கூட்டத்துக்குக் கை கிடையாது, ஆணுக்குத்தான் இருக்கிறது. அந்தக் கை துணிவதற்கு ஒரு சூழல் வேண்டும். கொள்ளளவுக்கு மேல் டிக்கெட் விற்பது அந்தச் சூழல். பத்து வாசல் வேண்டிய இடத்தில் இரண்டை மட்டும் திறப்பது, நடைபாதையில் விளக்கில்லாமல் விடுவது, யாரிடம் புகார் சொல்வது என்றே தெரியாமல் ஆயிரக்கணக்கானவர்களை நிறுத்துவது, இவையெல்லாம் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள், அல்லது எடுக்க மறந்த முடிவுகள். திரும்பக்கூட முடியாத நெரிசலில் எந்தக் கை யாருடையது என்று அடையாளம் காட்ட முடியாது. பொறுக்கிக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன? அதிக டிக்கெட் விற்றவர் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே விற்றார்.

பனையூர் தனித்த விபத்தும் அல்ல. அதே 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிகிதா காந்தியின் கச்சேரிக்கு முன் நெரிசல் ஏற்பட்டு நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் இருவர் இளம்பெண்கள். மழைக்கு ஒதுங்க எல்லோரும் ஒரே வாசலில், செங்குத்தான படியில் இறங்கியதில் உயிர்கள் போயின. 2024 பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சியில் தடுப்புகளை உடைத்துக்கொண்டு கூட்டம் புகுந்தது, நிகழ்ச்சி இடையில் நின்றது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2021 நவம்பர் 5 அன்று டிராவிஸ் ஸ்காட் மேடையில் பாடிக்கொண்டிருக்க, கீழே நசுங்கியவர்களில் பத்துப் பேர் இறந்தார்கள். ஸ்வீடனில் பிராவல்லா இசைவிழாவில் 2017இல் வன்புணர்வுப் புகார்களும் பாலியல் தாக்குதல் புகார்களும் குவிந்ததால் அடுத்த ஆண்டு விழாவையே ரத்து செய்தார்கள். கோபம் கொண்ட பெண்கள் 2018இல் கோதன்பர்க் நகரில் ஆண்கள் இல்லாத இசைவிழா ஒன்றை நடத்திக் காட்டினார்கள். வசதியும் சட்டமும் உள்ள நாட்டிலும் இதுதான் கதை என்றால், பிரச்சினை ‘நம்ம ஊர் ஜனங்களுக்கு ஒழுக்கம் பத்தாது’ என்பதில் இல்லை.

எங்கள் தருமபுரியில் குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. தைப்பூசத் திருவிழாவில் அந்தத் தேரின் வடத்தைப் பெண்கள் மட்டுமே பிடித்து இழுக்கிறார்கள். கிழவிகள், கல்லூரி மாணவிகள், கல்யாணமாகி வந்தவர்கள் என்று தெரு நிறையப் பெண்கள். ஆண்களும் திரண்டு நிற்கும் தெருதான் அது. ஆனால் வடத்துக்குள் கை நீட்டக் கூடாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாய் விரித்து, பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டு, விடிய விடியப் பார்க்கிறார்கள். இவற்றைப் புனிதப்படுத்தவில்லை. அந்தத் தேரில் கிடைக்கும் தெரு, தேர் நிலைக்கு வந்ததும் பறிபோய்விடுகிறது. அந்தப் பாயும் சாதி பார்த்துத்தான் விரிக்கப்படுகிறது. நான் சொல்ல வருவது சின்ன விஷயம். பெண் நிற்கும் இடம் எது, அதற்குள் யார் வரக் கூடாது என்று ஓர் ஊர் முடிவெடுத்தால், கூட்டம் அதைக் கேட்கிறது. முடிவெடுக்காத இடத்தில்தான் ‘அப்படித்தான் இருக்கும்.’

அதே திருவிழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ஆண்டுதோறும் நீதிமன்றப் படியேறுகிறார்கள். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, மத, கட்சிப் பாட்டு கூடாது என்று நிபந்தனைகள் வருகின்றன. மேடையில் ஆடும் பெண் எப்படி ஆட வேண்டும் என்பதற்குக் காவல் நிலையம் வரை விதி இருக்கிறது. கீழே நிற்கும் பெண்ணின் இடுப்புக்கு வரும் கையைப் பற்றி எந்த அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறது?

எழுதத் தேவையில்லாதபடி சட்டத்திலேயே இருக்கிறது என்பதுதான் கொடுமை. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலுக்குப் பலியான பிறகு, தமிழ்நாட்டில் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கல்வி நிலையம், வழிபாட்டுத் தலம், திரையரங்கு, திருவிழா நடக்கும் இடம் முதலியவற்றில் இப்படி நடந்தால், அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் தடுக்க வேண்டும், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கை வைத்தவனோடு நிற்காமல், இடத்தை நடத்துகிறவரையும் சட்டம் பொறுப்பாக்கி இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பனையூரில் நாம் கேட்டது மன்னிப்பையும் ரீஃபண்டையும் மட்டும்தான்.

பனையூர் நடந்த அதே மாதம் 29ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எங்கள் மாவட்டத்து மலையடிவாரக் கிராமம். 1992 ஜூனில் சந்தனமரச் சோதனை என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஆடிய வெறியாட்டத்தில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 215 பேரின் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது வாச்சாத்திப் பெண்களுக்குச் செய்யும் அவமரியாதை. நான் வைக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் எல்லோரும் படிக்க வேண்டியது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது நீதிமன்றம். அவர்கள் கை வைத்தவர்கள் அல்லர். தடுக்கும் இடத்தில் இருந்தும் தடுக்காதவர்கள். ‘நான் தொடவில்லை’ என்பது பொறுப்பில் இருப்பவருக்கு விடுதலை ஆகாது என்பதை 31 ஆண்டுகள் ஓயாமல் பேசி வாங்கித் தந்தவர்கள் எங்கள் மாவட்டத்துப் பழங்குடிப் பெண்கள். தமிழ்நாட்டில் எந்த மேடை போடுகிறவரும் இதைத் தெரிந்துகொண்டு மேடை போடட்டும்.

‘தருமபுரியில் இருந்துகொண்டு இதுவா பிரச்சினை? பெண் சிசுக்கொலைக்குப் பேர் போன மாவட்டம், இன்னும் குழந்தைத் திருமணம் நிற்கவில்லை, இதில் கச்சேரி ஒரு கேடா?’ என்று முற்போக்குத் தோழர்களே கேட்கிறார்கள். பிறக்கலாமா என்பதற்கு அனுமதி, படிக்கலாமா என்பதற்கு அனுமதி, எப்போது யாரைக் கட்டுவது என்பதற்கு அனுமதி. பாட்டுக் கேட்கப் போகலாமா என்பதும் அதே அனுமதிச் சீட்டின் அடுத்த வரிதான். உயிரோடு இருக்கும் உரிமையை வாங்கிவிட்டு, பிறகு சந்தோஷமாக இருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று யாரும் ஆண்களுக்கு வரிசை போட்டுக் கொடுத்ததில்லை.

இசையைப் பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் கேட்டிருக்கிறோம். அடுப்படி ரேடியோ, தறிப்பக்கம் டேப் ரெக்கார்டர், மில் வேனில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிய இரண்டு பெண்கள். அந்தப் பாட்டை ஆயிரம் பேரோடு சேர்ந்து வாய்விட்டுப் பாட ஒருநாள் வெளியே வருகிறவளுக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. தருமபுரியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். போக்குவரத்து, தங்க இடம், துணை, வீட்டில் சொல்லும் சமாதானம் எல்லாவற்றையும் கூட்டினால் டிக்கெட்தான் அதில் மலிவு. பனையூர்ச் செய்தி வந்த மறுநாள் எத்தனை வீடுகளில் ‘பார்த்தியா, இதுக்குத்தான் போக வேண்டாம்னேன்’ என்ற குரல் கேட்டிருக்கும்! அந்தக் குரலுக்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தவர்கள் யாரும் அதற்கு நஷ்ட ஈடு தரவில்லை. எந்த மெயிலிலும் அந்தக் கணக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே, பெண்களுக்குத் தனிக் கூண்டு வேண்டாம். லேடீஸ் சீட் போட்டுத் தந்துவிட்டு மீதிப் பேருந்து முழுக்க ஆண்களுடையது என்று எழுதிக்கொடுத்த அனுபவம் போதும். கேட்பவை எளியவை. இடத்தின் கொள்ளளவும் விற்ற டிக்கெட் எண்ணிக்கையும் வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும். பெண் காவலர்கள் இருக்கும் புகார் இடம் எங்கே என்று டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். மேடையைத் தவிர எந்த வழியிலும் விளக்கு அணையக் கூடாது. கடைசிப் பாட்டுக்குப் பிறகும் பேருந்து இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒரு பெண் கத்தினால் பாட்டு நிற்க வேண்டும், அதை ஒப்பந்தத்தில் எழுதாமல் பாடகர்கள் மேடையேறக் கூடாது. ஒலி, ஒளி, ஓய்வறை என்று இத்தனை நிபந்தனைகள் போடும் கலைஞர்களுக்கு இந்த ஒன்று பாரமாக இருக்காது.

ஒரு வார்த்தை ரசிகைகளுக்கு. நமக்கு ரஹ்மானைப் பிடிக்கும், ராஜாவைப் பிடிக்கும், அனிருத்தைப் பிடிக்கும். பிடித்தவரிடம்தான் உரிமையோடு சண்டை போட முடியும். ‘கச்சேரியில் ஏமாற்றமா?’ என்று யாராவது கேட்டால், நடந்ததை நடந்த பெயரிலேயே சொல்லுங்கள். மெயிலோடு விடாதீர்கள், காவல் நிலையத்தில் எழுத்தாகக் கொடுங்கள். அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் எடுங்கள். போகாமல் இருக்க வேண்டியவர்கள் நாம் அல்ல.